பூவிழி ஏற்றிய புரோகிராம்

என் வீட்டிலிருந்து மோட்டார் கொட்டகைக்கு நூற்றைம்பது அடிதான். என் முழங்காலைக் கேட்டால் அது கும்பகோணத்தில் இருப்பதாகச் சொல்லும். அதனால்தான் போன வருஷம் பூவிழி ஒரு வைஃபை ரிலேயைக் கொண்டுவந்து ஸ்டார்ட்டரில் மாட்டித் தருகிறேன் என்றபோது சரியென்றேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். போனில் தொட்டால் மோட்டார் ஓடும், இன்னொரு தரம் தொட்டால் நிற்கும். சேற்றில் இறங்கி நடக்கிற வேலை மிச்சம்.

பூவிழி, வீரையனின் மகள். வீரையன் எங்கள் வயலில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் சாகுபடி, இரண்டு பசு. மகளை ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிக்கவைத்தார். அவள் தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் ஐந்து வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டிவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்பு பாபநாசத்தில் தனியாகக் கடை போட்டாள். வீரையன் என்னை ஐயா என்பார். அவள் சார் என்பாள். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்வானேன்.

இந்த வைகாசியில், குறுவைக்கு நாற்றங்கால் தயார் செய்கிற நேரம் பார்த்து அந்த ரிலே மண்டையைப் போட்டது. ஆப்பைத் திறந்தால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எனக்கு மட்டுமில்லை, ஊரில் அவள் மாட்டிக் கொடுத்த ஒன்பது பேருக்கும் அதே கதி. ரிலேயை விற்ற கம்பெனி சர்வரை மூடிவிட்டுப் போய்விட்டதாம்.

"கம்பெனி போனா போகட்டும் சார். உள்ள இருக்குற சிப்பு நல்லா இருக்கு" என்று வந்தாள் பூவிழி. "அதுல ஏத்தியிருக்குற புரோகிராம்தான் ஒவ்வொரு தரமும் எங்கேயோ இருக்குற சர்வர்கிட்ட உத்தரவு கேக்குது. அத அழிச்சுட்டு வேற ஏத்திட்டா நம்ம வீட்டு வைஃபையே போதும். ஒன்பது பேருக்கும் நானே மாத்திக் குடுத்துடுறேன்."

மற்ற எட்டுப் பேரும் விவரமானவர்கள். மதிவாணன் மோட்டார் ஒரு வாரம் ஒழுங்காக ஓடட்டும், அப்புறம் எங்களுடையதைக் கழற்றித் தருகிறோம் என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டார்கள். ஓடாவிட்டால் ரிலே மட்டுமில்லை, காயில் கட்டுகிற வேலையும் வேறு கடைக்குப் போய்விடும். புதுக்கடை. ஒரு தடவை பேர் கெட்டால் பூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான். அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்போடு வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்தாள். ரிலேயைக் கழற்றி, மூடியைப் பிரித்து, என் கண்ணெதிரே நீட்டினாள்.

"கரண்டு ஒயரு எதுவும் இதுல இல்லன்னு நீங்களும் பாத்துக்கங்க சார். லயன்ல இருக்கும்போது இந்தக் கேபிளச் சொருகுனா லேப்டாப்பும் போயிரும், ஆளும் போயிரும்."

பொடிப்பொடியாக நாலு கம்பியைப் பற்றவைத்தாள். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைச் சொருகினாள். லேப்டாப்பில் சிவப்பு எழுத்து வந்தது. திரும்பவும் செய்தாள், திரும்பவும் சிவப்பு.

"அவ்வளவுதானா?" என்றேன். எனக்குப் பொறுமை கிடையாது.

"இருங்க சார். ரெண்டு கம்பிய எடம் மாத்தி வச்சிட்டேன்" என்று அவற்றைச் சரியாகப் பற்றவைத்து மறுபடி கேபிளைச் சொருகினாள்.

"இந்தப் புரோகிராம எழுதுனது யாரு?"

"யார் யாரோ சார். பல ஊர்க்காரங்க சேந்து எழுதி, யார் வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு பொதுவுல வச்சிருக்காங்க. எழுதுனது எல்லாத்தையும் நாமளும் பிரிச்சுப் பாக்கலாம்."

"சும்மாவா?"

"சும்மாத்தான்."

"சும்மாக் கிடைக்கிறது உருப்படுமா?"

"காவேரித் தண்ணி சும்மாதான சார் வருது?"

"அது மட்டும் ஒழுங்காவா வருது?" என்றேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். என் மனைவி வானதியும் அடுப்படியிலிருந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே லேப்டாப்பில் பத்து, நாற்பது, எண்பது என்று ஏறி நூறு சதவீதம் வந்துவிட்டது. மதியத்துக்குள் ரிலேயைக் கொட்டகையில் மாட்டி, என் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். நடுவில் 'மோட்டார்' என்று ஒரே ஒரு பட்டன். தொட்டேன். கொட்டகையிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சின்னப்பிள்ளை மாதிரி நாலைந்து தரம் போட்டுப் போட்டு நிறுத்தினேன்.

மூன்றாம் நாள் முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்தோம். தெளித்த அன்று வெறும் ஈரம்தான் இருக்கவேண்டும். தண்ணீர் நின்றால் முளை மிதந்து காற்றடிக்கிற பக்கம் போய் ஒதுங்கிவிடும். அதனால் தண்ணீரை வடித்துவிட்டு, போனில் ஆஃப் என்று இருப்பதை ரெண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. நாற்றங்கால் குளமாக நிற்கிறது. விதை முழுக்க வடக்கு வரப்பில் நுரையோடு நுரையாக ஒதுங்கிக் கிடக்கிறது. போனைப் பார்த்தேன். ஆஃப் என்றே காட்டியது. மெயினை இறக்கிவிட்டு நேராகப் பால் சொசைட்டிக்குப் போனேன்.

பால் ஊற்ற வந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். அந்த எட்டுப் பேரில் அஞ்சு பேர் அங்கேதான் நின்றார்கள். வீரையனும் கேனோடு வரிசையில் நின்றார். எனக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. விதை போச்சு, அவளிடம் கொடுத்தால் உங்களுக்கும் இதே கதிதான் என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதுக்குத்தான் யாரு யாரு எந்த வேலையப் பாக்கணும்னு அந்தக் காலத்துல வச்சிருந்தான்!" என்றேன்.

வீரையன் கேனை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் பூவிழி வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. நேராகக் கொட்டகைக்கு நடந்தாள். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். ஸ்டார்ட்டரைப் பார்த்துவிட்டு, "இது யாரு வச்சது சார்?" என்றாள்.

பச்சைப் பட்டனில் ஒரு வேப்பங்குச்சி செருகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லாக் கொட்டகையிலும் நடக்கிறதுதான். மும்முனைக் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பட்டனை அழுத்தினபடியே ஒரு குச்சியைச் செருகிவிட்டால், கரண்டு வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். இருபது வருஷமாகக் கொட்டகையைப் பூட்டும்போதெல்லாம் அதைச் செய்த கை இது. நாற்றங்கால் தெளித்த அன்று மட்டும் ஞாபகமாக எடுத்துவிடுவேன். இந்தத் தடவைதான் போனில் நிறுத்தியாயிற்றே என்ற தைரியம். முந்தின நாள் சாயங்காலம் கரண்டு இல்லாத நேரத்தில் கை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது, ராத்திரி கரண்டு வந்ததும் மோட்டார் எடுத்துக்கொண்டிருக்கிறது. பட்டன் அழுந்தியிருந்தால் ரிலே என்ன செய்யும், பாவம்.

"ரிலே ஆஃப்லதான் இருந்துருக்கு சார்" என்றாள். குச்சியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். "கடையில வேலை கெடக்கு" என்று போய்விட்டாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

வானதி விட்டாளா? "கத்துன எடத்துலயே போயி சொல்லிட்டு வாங்க" என்று மறுநாள் விடிந்ததும் துரத்தினாள். போனேன். குச்சி வைத்தது நான்தான், அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பால் ஊற்ற வந்த தங்கமணி, "அண்ணே, உங்க கைக்கும் ஒரு ரிலே மாட்டச் சொல்லுங்க" என்றான். நானும் சிரித்தேன். அன்றைக்கு மத்தியானத்துக்குள் எட்டு ரிலேயும் அவள் கடைக்குப் போய்விட்டது.

அந்தத் திருப்தியோடு சாயங்காலம் பாபநாசம் போனேன். மேஜையில் எட்டும் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி. அவள் ஒரு மோட்டாரில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சொசைட்டியில சொல்லிட்டேம்மா" என்றேன்.

"கேள்விப்பட்டேன் சார்." கம்பியை விடவில்லை. "குச்சியப் பத்திச் சொன்னீங்கன்னாங்க. யாரு யாரு எந்த வேலையப் பாக்கணும்னு சொன்னீங்களே, அதப் பத்தி ஏதாவது சொன்னீங்களா?"

நான் மேஜையில் எழுதியிருந்த பேர்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

"நேத்து எங்கப்பா பால ஊத்திட்டு வந்து சோறு திங்கல சார்" என்றாள்.

மறுநாள் காலையில் மறுபடி போனேன். அதே வரிசை, அதே ஆட்கள். தங்கமணி என்னைப் பார்த்ததும் குச்சிக் கதையை ஆரம்பித்தான். அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு, முந்தாநாள் நான் பூவிழியைச் சொன்ன அந்த வார்த்தை தப்பு, வீரையன் நிற்கும்போது சொன்னது அதைவிடத் தப்பு என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வீரையன் பாலை ஊற்றினார், அளவு எழுதினதைச் சரிபார்த்தார், காலிக் கேனை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி வீட்டுக்குப் போனார்.