கிணற்றைக் கண்டுபிடித்த கட்டைவிரல்

வலது தோள் வலியால் இந்த வருடம் நீச்சல் போட்டியே இல்லை என்றிருந்தபோதுதான் பெரம்பலூரில் அந்த பிசியோதெரபி மேடத்திடம் போனேன். குட்டையான, தடித்த விரல்கள். தசையை அழுத்தும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பார். முதல் நாளே தோளை விட்டுவிட்டு அக்குளுக்குப் பின்னால் அழுத்தினார். உயிர் போனது.

"கெணத்துலதான நீந்துறீங்க?"

"ஆமா மேடம். எப்படித் தெரியும்?"

"ஒரே பக்கமா சுத்திச் சுத்தி இந்தக் கை மட்டும் இறுகிப் போயிருக்கு. இனிமே மாத்திச் சுத்துங்க."

வாராவாரம் அவரிடம் போனேன். ஆண்டிமடத்தில் எங்கள் கிணற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். அரியலூர் போட்டியில் முதலாவதாக வந்து, பதக்கத்தோடு அவரிடம் ஓடினேன். கையை நீட்டினார். பதக்கத்துக்கு அல்ல, கட்டைவிரல் நேராக அக்குளுக்குப் பின்னால் போனது.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

அன்றுதான் கடிகாரத்தை விட்டு என் முகத்தைப் பார்த்தார்.