ஒத்தையா, ஜோடியா?

பிலோமினா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் துறைமுகத்தில் ஒரு கண்டெய்னரைத் திறப்பதற்காகக் காத்து நின்றேன். திரேஸ்புரத்திலிருந்து அவள் தம்பி பேசினான். "அக்கா காலையில எந்திரிக்கவே இல்ல" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என்னிடம் சொல்லாமல் டீ குடிக்கக்கூடப் போகாதவள்.

நம் கிளியரிங் ஆபீஸில் இருந்த உங்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். இறக்குமதியாகும் சரக்கு சுங்க விதிகளில் எந்தத் தலைப்பில் சேரும் என்று பார்ப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. தலைப்பு மாறினால் வரியும் மாறும். பக்கத்துப் பக்கத்து மேஜை. சண்டை போடாத நாளே கிடையாது.

குதிகால் வலிக்கு வைக்கும் சிலிக்கான் மெத்தை முதலில் வந்தது நினைவிருக்கும். செருப்புச் சாமான் என்றார் அதிகாரி. எலும்பு மருத்துவச் சாதனம் என்றோம் நாங்கள். விதிப்படி, நோயைச் சரிசெய்ய வந்தாலும், ஆளுக்கு அளவெடுக்காமல் மொத்தமாகச் செய்தது ஜோடியாக வந்தால் செருப்புச் சாமான்தான். ஒற்றையாக, எந்தக் காலுக்கும் பொருந்துவதாக வந்தால்தான் மருத்துவச் சாதனம். நான் விதியைப் படித்துக்காட்டித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். பிலோமினாவோ சாம்பிளை அவர் முன் வைத்து, "ஒங்களுக்கும் குதிகால் நோவுதாமே சார், போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். மனிதர் சிரித்துக்கொண்டே ஷூவைக் கழற்றினார். இடது காலில் போட்டு ஒரு நடை, வலதில் போட்டு ஒரு நடை. "ரெண்டுக்கும் சேரத்தாம்மா செய்யுது" என்றார். மற்ற தாள்களையும் பார்த்துவிட்டுச் சரக்கை விட்டார்.

அதற்குப் பிறகு அவளுக்கு வாய் நீண்டுவிட்டது. அவள் கல்யாணம் செய்யாததைப் பற்றி யாராவது கிண்டினால் போதும். "ஒத்தையா வந்தாத்தாம்லே மருந்துச் சாமான். ஜோடியா வந்தா வெறுஞ்செருப்பு!" என்பாள். கல்யாணமானவர்கள்தான் அதிகம் சிரித்தோம்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு விளாத்திகுளத்தில் அம்மா வீட்டோடு முடங்கிவிட்டேன். வேலைக்குத் திரும்புவதில்லை என்றே முடிவு செய்திருந்தேன். தூத்துக்குடி மக்ரூன் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்தாள் பிலோமினா. "ஜோடி போச்சே பிலோமி, இனி நான் எதுக்கு?" என்று அவள் மடியில் விழுந்து அழுதேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று பார்த்தால், "ஏளா, ஜோடியில ஒண்ணு போச்சுன்னு மத்ததையும் தூக்கி எறிய நீ என்ன செருப்பா?" என்றாள். பாவி! அந்த அழுகையிலும் சிரித்துவிட்டேன். அம்மா பயந்துபோய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "திங்கக்கிழமை வந்து சேரு. ஒன் மேஜைய ஒருத்தனுக்கும் விட்டுக்குடுக்கல" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். போனேன். அன்று போகாவிட்டால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதிகாரி போட்டு நடந்த அந்தச் சாம்பிள் மெத்தையை, சரக்குக்காரர் வேண்டாம் என்றதால், அவளே தன் இடது செருப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்த மறுநாள் தம்பி அதைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தான். "ஒங்களுக்கும் கால் நோவும்னு அக்கா சொல்லுவா" என்றான்.

எனக்கு வலி வலது குதிகாலில். இன்று அதைப் போட்டுக்கொண்டுதான் ஆபீஸுக்கு நடந்து வந்தேன். பக்கத்து மேஜை காலியாகக் கிடக்கிறது.

பொருந்துது, பிலோமி.