நூலக வாசலில் முள்

இது கதை இல்லை. எனக்கே நடந்தது. ஆவூர் பக்கத்தில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். வந்து விசாரித்தாலும் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள்.

2021 ஜூன். கொரோனா இரண்டாம் அலை. கடைசி செமஸ்டர் தேர்வை வீட்டிலிருந்தே எழுதச் சொன்னார்கள். எழுதியதைப் படம் பிடித்து அரை மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். பிந்தினால் ஆப்சென்ட். ஒரு பேப்பர் போனாலும் என் எம்.எஸ்சி. போச்சு. எங்கள் வீட்டிலோ ஒரு கோடு சிக்னல்கூட வராது.

எங்களுக்கு ஒரே கதி கிளை நூலகம்தான். நூலகர் குழந்தைசாமி சார் ஊரடங்கிலும் வைஃபையை அணைக்கவில்லை. சுவரோரம் தள்ளித் தள்ளி உட்கார்ந்து படிப்போம். கேட்டால் ஜன்னல் வழியாகப் புத்தகமும் தருவார். கூட்டம் சேர்த்து நோயைப் பரப்புகிறார் என்று ஊர் முணுமுணுத்தது. மதுக்கடை வரிசையில் நின்றால் மட்டும் நோய் வராது போல.

பிறகு அவருக்கே காய்ச்சல். வீட்டில் வயதான அம்மா இருந்ததால் நூலகத்திலேயே தங்கிக்கொண்டார். மறுநாளே எங்கள் ஊர்க்காரர்கள் கதவை வெளியே பூட்டி, வாசலை மறித்துக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள். சுகாதாரத் துறை வேன் வந்து அவரைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய்விட்டது என்று பேச்சு. அவர் அம்மா கொடுத்தனுப்பிய சோறும் அதோடு நின்றது.

தேர்வு நாள். மதியம் ஒரு மணிக்கு எழுதி முடித்தேன். வைஃபை இருக்குமோ இருக்காதோ என்ற பதைப்போடு ஓடினேன்.

பின்பக்கச் சுவர். ஜன்னல் சாத்தியிருந்தது. போனைப் பார்த்தேன்... சிக்னல் முழுசாக இருந்தது.

உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம். கிரீச்... கிரீச்...

"சார்? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்துட்டீங்களா?"

ஜன்னலை ஒட்டி உள்ளேயிருந்து குரல்.

"அனுப்புங்க. நேரமாகுது."

அவர் குரல்தான். ஆனால் இருமல் இல்லை. காய்ச்சல்காரர் போல மூச்சு வாங்கவும் இல்லை.

முகக்கவசத்தையும் மீறி எலி செத்த வாடை. ஜன்னல் இடுக்கில் ஈக்கள்... உள்ளே போவதும் வருவதுமாக.

விடைத்தாள் படங்களை ஏற்றினேன். எண்பது சதவீதம். நின்றுவிட்டது.

உள்ளே நாற்காலி இழுபட்டது.

தொண்ணூறு...

நூறு.

"போயிருச்சு சார்."

"கதவெத் தெறக்கச் சொல்லுங்க."

இந்த முறை குரல் ஜன்னலுக்கு உள்ளே இல்லை. என் காதருகே...

மின்விசிறி நின்றது.

ஓடினேன்.

வார்டு மெம்பர் உடையப்பன் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"அவரெத்தான் வேன்ல ஏத்திட்டாங்களே."

"யாரு பாத்தா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்களைக் கூப்பிட்டார்.

முள்ளை இழுத்துப் போட்டுக் கதவைத் திறந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே கிடந்தார். கையில் போன். சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. இறந்து இரண்டு நாளாகிறது என்றார் மருத்துவர். வேன் வந்தது உண்மைதான். முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வேனை, ஆளை ஏற்றிப் போன வேன் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அப்படி நினைப்பதுதான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

அடக்கத்துக்கு நாலு பேர்கூட வரவில்லை. அவரிடம் புத்தகம் வாங்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அடுத்த மாதம் ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு.

"சார் வைஃபையிலதாம்ப்பா அனுப்புனேன்" என்றேன்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"அதெப்படி ஃபெமினா? நீ அங்கிட்டுப் போகக் கூடாதுன்னு, முள்ளு போட்ட அன்னைக்கே லைப்ரரி கரண்டு ஒயரெ நான்தானே வெட்டிவிட்டேன்..."