சேவலக்காவின் கரும்பலகை

பல்கலைக்கழக மாணவியர் விடுதிக்கு அவள் வாயிற்காவலுக்கு வந்து பத்தொன்பது வருடங்கள். தேர்வுக்காலத்தில் பெண்களை எழுப்பிவிடுவதும் அவள்தான். அதனால் சேவலக்கா என்றே பெயர். வாசல் கரும்பலகையில் அறை எண்ணையும் நேரத்தையும் எழுதிவிட்டால் போதும், வந்து தட்டுவாள். கதவைத் திறந்து முகத்தைக் காட்டினால்தான் எண்ணை அழிப்பாள். தூங்கிப்போய்த் தேர்வைக் கோட்டைவிட்டவள் என்று ஒருத்தியும் இல்லை.

அந்த நாள் வரை.

'212, ஏழு மணி' என்று எழுதியவள் இறுதியாண்டு மாணவி. கால் பிசகியதால், முதல்நாள்தான் ஒரு முதலாண்டுப் பெண்ணுடன் அறை மாற்றிக்கொண்டு கீழே எட்டாம் எண்ணுக்கு வந்திருந்தாள். மூன்று வருடப் பழக்கம், கை பழைய எண்ணையே எழுதிவிட்டது. அறை மாறியதைச் சேவலக்காவிடம் யாரும் சொல்லவில்லை.

மாடியேறித் தட்டினாள். "எழுந்துட்டேன்க்கா" என்று உள்ளே ஒரு குரல் முனகியது. பலகையில் இன்னும் முப்பது எண்கள். முகம் பார்க்காமலே அழித்துவிட்டாள்.

ஒன்பது இருபதுக்கு எட்டாம் அறைக் கதவு படாரென்று திறந்தது.

"அக்கா! ஒம்பது மணிக்குப் பரீட்சை! ஏன் எழுப்பல?"

அரைமணி தாமதித்தால் உள்ளே விடமாட்டார்கள். சேவலக்கா குனிந்து முதுகைக் காட்டினாள்.

"முதுகுல ஏறு கண்ணு!"

"உங்களால முடியாதுக்கா."

"வாயாடாம ஏறுடி!"

ஐம்பது வயதுக்காரி மூச்சிரைக்க நூலகத்தைத் தாண்டி ஓடினாள். தேர்வுக்கூடக் கதவு சாத்தி நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

"தப்பு என்னுதுங்க ஐயா, பிள்ளையை விடுங்க" என்று மேற்பார்வையாளரிடம் கெஞ்சினாள்.

"இல்ல சார், நான்தான் நம்பரை மாத்தி எழுதிட்டேன்" என்று விம்மினாள் மாணவி.

இருவர் கண்ணீருக்கும் அந்தக் கதவு இளகவில்லை.

அன்று மாலையே சேவலக்கா பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். "இனிமே கடிகாரத்தை நம்புங்கம்மா. இந்தச் சேவல் செத்துப்போச்சு."

ஆறு மாதம் கழித்து மறுதேர்வு வந்தது. முந்தின மாலை அந்த மாணவி பலகையைத் திருப்பி, '8, ஏழு மணி' என்று எழுதிவிட்டுப் போனாள். சேவலக்கா கண்டும் காணாததுபோல் இருந்தாள். காலையில் ஏழடித்ததும் கால்கள் தாமாகவே நடந்தன.

தட்டினாள். சத்தமில்லை. மறுபடி படபடவென்று தட்டினாள். கதவு திறந்தது. குளித்துத் தலைவாரி, கையில் புத்தகத்தோடு நின்றாள் மாணவி.

"முழிச்சுத்தானே இருந்தே? ஏன்டி குரல் குடுக்கல?"

"குடுத்தா அப்படியே போயிடுவீங்களே. முகத்தைப் பாருங்கக்கா. நல்லாப் பாத்துட்டு அழிங்க."

பார்த்தாள். எல்லாம் கலங்கலாகத்தான் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.