எங்கள் வாசலின் சரிவு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் இருக்கிற எங்கள் மேக்கணக்கு லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

என் ஜீப் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. தோட்டத்துக்கும் ஹட்டனுக்கும் நடுவே ஆட்களையும் சாமானையும் ஏற்றி இறக்குவது அதுதான். எங்கள் வீட்டுச் சோறும் அதுதான். ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு அதில் ஒரு சத்தம் தொடங்கியது. பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே குடம் மாதிரித் தொங்குகிற பல்சக்கரப் பெட்டி, டிப்ரன்சல் என்போமே, அதற்குள்ளிருந்து ஓர் ஊளை. எப்போதும் வந்தால் சனியன் பிடித்தது என்று பிரித்துப் போடலாம். இது அப்படியில்லை. பாரம் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டி, நீள ஏற்றத்தில் மூன்றாவது முடக்கு வளைவுக்கு வரும்போது தொடங்கும். இறக்கத்தில் மூச்சே விடாது. ஹட்டன் கராஜ்காரர்கள் டவுன் ரோட்டில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை, காதைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள் என்று சிரித்தார்கள். எண்ணெயைப் பார்க்கவா என்று கேட்டபோது, அது என் கையால் வழிய வழிய ஊற்றியது, மூடியில் கை வைக்காதே என்று நானே தடுத்துவிட்டேன்.

அதற்கு முந்திய வருடம் அந்தப் பெட்டியைப் பிரித்து பேரிங் மாற்றிப் பூட்டியவர் என் மச்சான், என் மனைவியின் தம்பி. இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். சத்தத்தைக் கேட்க அவரையே வரச் சொன்னேன். எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மூன்றாவது முடக்கில் காதைக் கொடுத்துக் கேட்டார். லயத்து வாசலில் இறங்கியதும் ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் விட்டால்தானே? சனமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, “குடிச்சிட்டு வேல செஞ்சா வண்டி இப்படித்தான் அழுவும்” என்றேன்.

அவர் குடிக்கிற ஆளே இல்லை. எனக்கும் அது தெரியும். வாயில் வந்ததைக் கொட்டிவிட்டேன். அவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கிப் போனார்.

மூன்று மாதம் போயிற்று. என் மகளுக்குக் கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் இல்லாமல் எந்தப் பிள்ளை மணவறைக்குப் போகும்? என் மனைவி தனியாகக் கல்யாணப் பத்திரிகை கொண்டுபோனாள். மச்சான் அக்காளுக்குத் தேத்தண்ணி கொடுத்து உபசரித்துவிட்டு, பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். திரும்பி வந்தவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “என் தம்பி வராத கல்யாணத்துல நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது?” என்று மட்டும் கேட்டாள். நான் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

அந்தச் சமயம் தோட்டத்தில் புது வீடுகள் கட்ட வலப்பனையிலிருந்து ஒரு சிங்கள மேசன் வந்திருந்தார். அவருக்குச் சீமெந்து மூட்டை ஏற்றி வந்த அன்று ஊளை வழக்கத்தைவிட மோசம். வாசலில் நிறுத்தி, அடியில் புகுந்து, பெட்டியின் பின்பக்கத்தில் எண்ணெய் ஊற்றுகிற துவாரத்தின் திருகாணியைக் கழற்றி விரலை விட்டேன். எண்ணெய் துவாரத்தின் விளிம்பிலேயே நின்றது. எத்தனை தடவை பார்த்தாலும் அப்படித்தான் நின்றது. நிறைந்திருக்கிறது பாருங்கள், இதில் என் பிழை என்ன என்று அவரிடம் காட்டினேன். அவர் எண்ணெயைப் பார்க்கவில்லை. வண்டி நின்ற தரையைப் பார்த்தார். இந்த இடம் சமமாக இல்லையே என்றார் சிங்களத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றிலும் சுவர் மாதிரி மலை. அதற்கு நடுவில் எங்களுக்கென்று இருக்கிற ஒரே சமதரை அந்த வாசல். ஐம்பத்திரண்டு வருடம் நான் புழங்கிய இடத்தை நேற்று வந்தவர் எனக்குச் சொல்லித் தருகிறாரா? சொல்லியும் விட்டேன். அவர் அத்திவாரத்துக்கு மட்டம் பார்க்க வைத்திருந்த கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற நீள பிளாஸ்டிக் குழாயை எடுத்துத் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை என்னிடம் தந்து பின்சக்கரத்தின் நடுவில் பிடிக்கச் சொன்னார். மறு முனையோடு முன்சக்கரத்துக்குப் போனார். தண்ணீர் இரண்டு தடவை ஆடி நின்றது. என் பக்கம் சக்கரத்தின் நட்டநடுவில். அவர் பக்கம், நடுவிலிருந்து ஒரு சாண் கீழே.

ஒரு சாண்! முனைகளை மாற்றிப் பிடித்தோம். மறுபடியும் ஒரு சாண். வண்டியின் முகம் மலையைப் பார்த்து அண்ணாந்துகொண்டிருந்தது, எனக்குத் தெரியாமல்.

அந்தக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன் என்றே சொல்லலாம். கோயில் முன்றலில் பிடித்துப் பார்த்தோம், சரிவு. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களம், சரிவு. பிள்ளைகள் பந்து விளையாடும் இடம், அதுவும் சரிவு. வீட்டுக்குள் போனேன். கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்திருந்தது. என் அப்பா காலத்திலிருந்து இருக்கிறது, ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடுப்பில் சோற்றுப்பானைக்கு ஒரு பக்கம் மட்டும் சின்னக் கல். மனைவியைக் கேட்டேன். அரிசி கழுவின தண்ணி எப்பவும் ஒரு பக்கந்தானே ஓடும், இது என்ன புதுசா என்றாள். நாலு தலைமுறையாக இந்த மலையில் சாய்ந்தே நின்று சாய்ந்தே தூங்கியிருக்கிறோம். செங்குத்து மலையையே பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொஞ்சம் சரிந்ததெல்லாம் சமதரை. குழாய்த் தண்ணீருக்கு மட்டும் அந்தப் பழக்கம் இல்லை.

பிறகு எல்லாம் விளங்கிற்று. மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று பயந்து, மச்சான் ஊற்றியிருந்த எண்ணெயை வடித்துவிட்டுப் புதிது ஊற்றியவன் நான். இதே வாசலில், இதே சரிவில். எண்ணெய் பின்பக்கம் தேங்கித் துவாரத்தில் வழிந்தது; பெட்டி நிறையவில்லை. ஏற்றத்தில் இருக்கிற கொஞ்சமும் பின்னால் ஓடிவிட, முன்பக்கத்து பேரிங் காய்ந்து கத்தியிருக்கிறது. பின்சக்கரங்களை ஜாக்கில் தூக்கிப் பலகை வைத்தோம். குழாயின் இரண்டு முனையும் ஒத்துப்போன பிறகு எண்ணெய் ஊற்றினேன். முக்கால் போத்தல் உள்ளே போயிற்று.

சீமெந்து மூட்டைகளோடேயே கீழே இறக்கி மறுபடி ஏற்றினேன். மூன்றாவது முடக்கில் டயருக்கடியில் கல் நொறுங்குகிற சத்தம் கேட்டது, ஓடைச் சத்தம் கேட்டது. வேறொன்றும் இல்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் மனைவியோடு இறம்பொடைக்குப் போனேன். மச்சான் இஸ்தோப்புத் திண்ணையில் மகளோடு உட்கார்ந்திருந்தார். என் வாசலில் எல்லோர் முன்னாலும் பழி சொன்னவன், அவர் வாசலிலும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: குழாயை, சரிவை, தப்பு என்னுடையது என்பதை.

“அன்னைக்கு எறங்குனதும் அதத்தான் கேக்க வந்தேன் மச்சான், எங்க நிறுத்தி ஊத்துனீங்கன்னு” என்றார். மகளின் தலையைத் தொட்டு, “எனக்குப் பரவால்ல. இவ தெனமும் நான் வேல விட்டு வந்ததும் என் வாய மோந்து பாக்குறா” என்றார்.

செத்துப்போகலாம் போலிருந்தது. அந்தப் பிள்ளையின் முன்னால் குந்தினேன். “உங்கப்பா குடிக்கல்லம்மா. மாமாதான் பொய் சொன்னேன்” என்றேன். அவள் கிட்ட வந்து என் வாயை மோந்து பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, “ஒரு வாடையும் வரலப்பா” என்றாள்.

மச்சான் அக்காளைப் பார்த்துக் கையை நீட்டினார். என் மனைவி பத்திரிகையை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.