பக்கத்து இருக்கைக்காரர்

தொண்ணூறுகளின் கடைசியில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, பழவங்காடிக்குப் பின்னால் ஒற்றை அறை, வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. நான் கடைசியில் சொன்னதைத்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோதுதான் அந்த டிரஸ்டைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஃபீஸ் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்குப் பாட்டும் வயலினும் நடனமும் சொல்லிக்கொடுத்தார்கள். விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து படித்தார்கள். அதற்கு நிதி திரட்ட மாதம் ஒரு கச்சேரி. சந்தா கட்டினால் டிக்கெட் தபாலில் வரும். நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளைகளுக்காகச் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். இரண்டரை மணி நேரம் மனிதர்கள் நடுவில் உட்கார எனக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

முதல் கச்சேரிக்கு ஒற்றை டிக்கெட்டில் போனேன். பக்கத்தில் கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வந்த ஒரு மாமி. வர்ணம் முடிவதற்குள் என் ஜாதகமே அவர் கைக்குப் போய்விட்டது.

“தனிச்சாக்கும் வந்திருக்கேள்? ஆத்துக்காரர் வரல்லியோ?”

அப்படி யாரும் இல்லை என்றேன். மாமி ‘அடப்பாவமே’ என்று ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு ராகமாவது தாளமாவது, ஒன்றும் காதில் ஏறவில்லை.

அடுத்த மாதமே சந்தாவை இரண்டு டிக்கெட்டாக மாற்றிவிட்டேன். இடத்தையும் நாலு வரிசை தள்ளிக் கேட்டு வாங்கினேன். ஒரு நாற்காலியில் நான், இன்னொன்றில் என் கைப்பையும் குடையும். யாராவது கேட்டால் “வருவாவ” என்பேன்; வருவார் என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். யார் என்று நானாகச் சொன்னதே இல்லை. கேட்டவர்களே புருஷன் என்று எடுத்துக்கொடுத்தார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டேன். போகப் போக அவருக்குக் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையும் வாங்கிக்கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையிலும் விடாத வேலை.

ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது. சில நாள் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது வாசல் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறேன். கிறுக்கு என்றால் கிறுக்குதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கச்சேரிக்கு முன் சந்தாதாரர்களில் ஒரு தம்பதியை மேடைக்கு அழைத்துக் குத்துவிளக்கு ஏற்றச் சொல்வார்கள். பெரிய மனிதர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஒரு மாதம் செயலாளர் என் பெயரை வாசித்து, ஹஸ்பண்டும் வரவேண்டும் என்று சேர்த்துச் சொன்னார். ரிஜிஸ்டரில் இரண்டு டிக்கெட் என்று இருந்தால் அவருக்கு அது தம்பதி.

மேடை ஏறினேன். செயலாளர் எனக்குப் பின்னால் பார்த்தார்.

“மேடம், சார் எவிடெ?”

“புறத்து உண்டு,” என்றேன். வெளியே நிற்கிறாராம். வாய்க்கு வந்தது அதுதான்.

அவர் நல்ல மனிதர். விடவில்லை. மைக்கை எடுத்து, “மேடத்தின்றெ ஹஸ்பண்ட் ஸ்டேஜிலேக்கு வரணம்,” என்று அறிவித்தார். டிரஸ்டில் வயலின் படிக்கும் ஒரு பெண் அவரைத் தேடி வாசலுக்கு ஓடினாள். பாடகர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டே இருந்தது. அரங்கமே கழுத்தைத் திருப்பி வாசலைப் பார்த்தது. வெட்கம்கெட்டு நானும் பார்த்தேன். எனக்காக அத்தனை பேர் சேர்ந்து ஒருவரை எதிர்பார்த்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பெண் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். “அவிடெ ஆரும் இல்லா, சாரே.”

அதற்கு மேல் என்னால் மலையாளத்தில் பொய் சொல்ல முடியவில்லை. ஊர்த் தமிழே வந்துவிட்டது. “ஆரும் இல்ல சார். நான் ஒத்தையிலதான் வாறேன்.”

மைக் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். செயலாளர் கைவிளக்கை என்னிடம் கொடுத்து, “சாரமில்லா மேடம்,” பரவாயில்லை என்று மெதுவாகச் சொன்னார். ஐந்து திரியையும் நானே ஏற்றினேன். மூன்றாவது திரி பிடிக்க நேரமாயிற்று. இடைவேளையில் அந்த முதல் கச்சேரி மாமி என்னைக் கடந்து போனார். தோளில் லேசாகத் தட்டினார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் தபாலில் உறை வந்தது. உள்ளே ஒரே ஒரு டிக்கெட். கூடவே செயலாளர் எழுதிய சின்னச் சீட்டு: மேடம் வீணாக இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டாம், பக்கத்து இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருந்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். ஒன்றரை வருடமாக வருவார் என்று இருந்தவர், இனி வரமாட்டார்.