நின்று பூக்கும் சாரணை

மரக்காணம் உப்பளத்தில் மேரிசெல்விக்கு ‘வில்லங்கம்’ என்று பட்டப்பெயர். வைத்தவர் மேஸ்திரி தட்சணாமூர்த்தி. பதினெட்டு வருஷமாக உப்பு வாரும் பெண், எதைச் சொன்னாலும் ‘ஏன்’ என்று கேட்டால் வேறு என்ன பேர் வைப்பார்கள்? அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதே இல்லை. ரேஷன் கடையில் யாராவது எந்த மேரி என்று கேட்டால், “வில்லங்கம்” என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள்.

போன வருஷ மழையில் ஓடைக்கரை உடைந்தது. தண்ணீர் உப்புப் பாத்திகளை மூழ்கடித்துவிட்டு நேரே அவள் தெருவுக்குள் வந்தது. அவள் வீட்டுச் சமையலறைச் சுவர் சேறாகிச் சரிந்தது. அப்புறம்தான் கரையை உயர்த்தினார்கள். புது மண்ணைப் பிடித்துக்கொள்ளச் செடி வேண்டும் என்று உத்தரவும் வந்தது: ‘சாரணை நடவும்.’ பொறுப்பு தட்சணாமூர்த்திக்கு, கூலி வேலை உப்பளத்துப் பெண்களுக்கு. அடுத்த மழைக்கு அந்தக் கரை நிற்குமா நிற்காதா என்பது மேரிசெல்விக்குச் சுவர் பிரச்சனை.

ஆவணியில் ஒரு காலை, குட்டியானை வண்டி நிறையச் செடி வந்து இறங்கியது. தடித்த இலை, சிவந்த தண்டு, ரோஸ் நிறப் பூ. பெண்கள் குனிந்து நட ஆரம்பித்தார்கள். மேரிசெல்வி ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துக் கீழே போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் போட்டாள்.

“மேஸ்திரி, இது அது இல்ல.”

“எது எது இல்ல? சாரணை கேட்டாங்க, சாரணை வந்திருக்குது.”

“இது ஒக்காந்து பூக்குற சாரணை. கரைக்கு வேண்டியது நின்னு பூக்குறது.”

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பூவிழி சிரித்துவிட்டாள். “ஏன்க்கா, பூ எங்கனா ஒக்காருமா?”

மேரிசெல்வி இலையை விலக்கிக் காட்டினாள். பூ, காம்பே இல்லாமல் இலையின் கக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடை வாயில் படர்ந்து கிடக்கும் மற்ற சாரணையில் ஒவ்வொரு பூவும் தனிக்காம்பில் நிமிர்ந்து நிற்கும். அது கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைக் கவ்வும். இதற்கோ நடுவில் ஒரே வேர். சுற்றிலும் இருப்பதெல்லாம் சும்மா படுத்திருக்கும் கிளை. உப்பளத்தில் இரண்டையும் சாரணை என்றுதான் சொல்வார்கள். பிடுங்கி எறியும் களைக்கு யார் இரண்டு பேர் வைப்பார்கள்? ஆனால் பாத்தி ஓரத்தைச் சுத்தம் செய்யும்போது ஒன்று ஒரே இழுப்பில் வந்துவிடும், மற்றது இடுப்பை ஒடித்துவிடும். மேரிசெல்வியின் இடுப்புக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

“பேரு ஒண்ணுதானே? அப்புறம் இன்னா?” என்றார் மேஸ்திரி.

“நம்ம தெருவுல ரெண்டு சாலமன் இருக்கானுங்க. ஒருத்தனுக்குப் பொண்ணு பேசிட்டு இன்னொருத்தனுக்குக் கட்டி வைப்பீங்களா?”

பெண்கள் எல்லோரும் சிரிக்க, மேஸ்திரிக்குக் காது சிவந்தது. “நட இஷ்டம்னா நடு. இல்லேன்னா போய்க்கினே இரு.”

அவள் போனாள். மறுநாள் காலை ஒரு கோணிப்பையோடு திரும்பி வந்தாள். ஓடை வாயிலிருந்து ஒடித்து வந்த தண்டுகளைத் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரையில், முப்பது தப்படி தூரத்துக்கு, தானே நட்டாள்.

“இது கவர்மெண்ட் கரை. உன் இஷ்டத்துக்கு நடக்கூடாது” என்று மேஸ்திரி ஓடி வந்தார்.

“கேஸ் போடுங்க. ஜட்ஜுக்கும் செடியப் புரட்டிக் காட்டுறேன்.”

பயமில்லாமல் இல்லை. அந்த மாதம் முழுக்க அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மேஸ்திரி சொல்லி வைத்திருந்தார். ஆனாலும் சரிந்த சுவரை நினைக்கும்போதெல்லாம் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

புரட்டாசியில், செடி நட உத்தரவு போட்ட அலுவலகத்திலிருந்து இலக்கியா என்ற இளம் அதிகாரி பார்வையிட வந்தாள். மேஸ்திரி பெண்களை வரிசையாகக் கரையில் உட்கார வைத்திருந்தார். போட்டோவுக்கு. மேரிசெல்வி தன் முப்பது தப்படியின் மேல் நின்றிருந்தாள்.

“நல்லா புடிச்சிருக்கே” என்றாள் இலக்கியா, மேஸ்திரியின் செடிகளைப் பார்த்து.

“கண்ணால பார்த்தா தெரியாது மேடம். அது வேற, இது வேற. இழுத்துப் பாருங்க” என்றாள் மேரிசெல்வி.

இலக்கியா ஒன்றை இழுத்தாள். முழுச்செடியும் ஒற்றை வேரோடு கையில் வந்தது. அடுத்து, மேரிசெல்வி நட்டிருந்த செடியை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். தண்டுதான் அறுந்தது; வேர் மண்ணிலேயே இருந்தது. இலக்கியா தன் பையிலிருந்து லென்ஸை எடுத்து இரண்டு பூவையும் வெகுநேரம் பார்த்தாள்.

“அக்கா சொல்றது சரிதான். ரெண்டும் ஒரே குடும்பம், ஆனா வேற வேற செடி.”

“உத்தரவுல சாரணைன்னுதானே இருக்குது? நான் சாரணையத்தான் நட்டேன்” என்றார் மேஸ்திரி. அதுவும் உண்மைதான். இலக்கியா ஃபைலைத் திறந்து அந்த ஒரு வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திருத்தி எழுதணும். லத்தீன் பேரு போட்டா வண்டிக்காரருக்குப் புரியாதே, இன்னான்னு எழுதறது?”

“நின்னு பூக்குற சாரணைன்னு எழுதுங்க.”

இலக்கியா எழுதினாள். மழை வருவதற்குள் கரை முழுக்கப் பிடுங்கி மறுபடி நடவேண்டும் என்றும் கீழே சேர்த்தாள். பூவிழி இந்தமுறை சிரிக்கவில்லை. எழுந்து வந்து அறுந்த தண்டை வாங்கிப் பார்த்தாள்.

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டார். “சரி சரி, போட்டோவாவது எடுத்துடலாம். மேரி, நீயும் வந்து முன்னால ஒக்காரு.”

“நீங்க எடுங்க மேஸ்திரி” என்றாள் மேரிசெல்வி. “நான் நின்னுக்கிறேன்.”